கைகோத்த மோதிரம்

“கண்டெடுத்ததைப் பதியிற படிவத்தை நான் நிரப்புறன், உமக்கேன் கரைச்சல்?” என்று செந்தூரன் சொன்னபோது, “அப்ப நான் கைச் சேத்தைக் கழுவிப்போட்டு வாறன்,” என்று வதனி சிரித்திருந்தாள். இங்கிலாந்துக் கிராமமொன்றின் உழுத வயலில், எழுநூறு ஆண்டுப் பழைய மோதிரத்தைக் கிளறியெடுத்தவள் அவள். இரண்டு கைகள் கோத்திருப்பதுபோல் அதில் செதுக்கியிருந்தது. பிறகு தேவாலயத்துக் கண்ணாடிப் பெட்டியில் அதை வைத்தபோது, கண்டெடுத்தவர் என்று கணவன் பெயர் மட்டுமே இருந்தது. ஒன்பது வருடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று மகளின் வருங்கால மாமியாரைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, “குளிரில என்ர விரலெல்லாம் விறைச்சுப்போச்சு, எண்டாலும் விடேல்லை,” என்று அவன் கதை சொன்னான். விறைத்தவை வதனியின் விரல்கள். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

“இஞ்சாருங்கோ, எடுத்தது ஆரெண்டு இவவுக்குச் சொல்லுங்கோ.”