கதை வசனக் கேசட்

அந்த நடிகன் மேல் அசன் மைதீனுக்கு முப்பது வருஷக் கோபம். அவன் ஒரே ஒரு படத்தில் தலைகாட்டிய புதுமுகம். அதற்குப் பிறகு போஸ்டரிலோ டிவியிலோ அவன் முகம் வந்ததே இல்லை. அவனே மறைந்துபோனான், அவன் மேல் இருந்த கோபம் மட்டும் போகவில்லை.

காரணம், அவர் பெண்டாட்டி ஆசியா உம்மாள்.

கல்யாணமான ஐந்தாம் மாதம் அசன் மைதீன் துபாய் போனார். எட்டுப் பேர் தங்கிய அறையில், ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை வீடியோவில் போட்டார்கள். பெண்டாட்டியை விட்டுவிட்டு வெளியூர் போகிறவன் கதை. ரயிலடியில் அவன், "போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டேன். வந்துட்டேன்னு வந்து சொல்றேன்" என்று விடைபெறும்போது, எட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சொந்த ஊர் காயல்பட்டினத்தில் சினிமாக் கொட்டகை கிடையாது. திருச்செந்தூருக்கோ திருநெல்வேலிக்கோ போய்ப் படம் பார்க்கிற வழக்கம் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு இல்லை. ஆனால் அது கேசட் காலம். ஒரு படத்தின் பேச்சு, பாட்டு எல்லாவற்றையும் பதிந்து கதை வசனக் கேசட் என்று விற்பார்கள். அதில் ஒன்றை வாங்கி, ஊருக்கு வந்த ஆள் கையில் கொடுத்தனுப்பினார். தான் அழுததை அவளும் கேட்கட்டுமே என்ற ஆசைதான்.

அவள் கேட்டாள். தினமும் கேட்டாள். அவர் லீவில் வரும்போதெல்லாம் பெண்டாட்டியின் தங்கை ஷம்ஸியா சொல்லிச் சிரிப்பாள், அந்த ஆள் குரல் கேட்காவிட்டால் ராத்தாவுக்குச் சோறு இறங்காது என்று. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். இவருக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒரு லீவு முடிந்து கிளம்பும்போது, யாருக்கும் தெரியாமல் கேசட்டைப் பெட்டிக்குள் வைத்து துபாய்க்கே கொண்டுபோய்விட்டார். ராத்தா வீடு முழுக்கத் தேடினாள், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஷம்ஸியா கடிதம் எழுதினாள். ஆசியா உம்மாள் மட்டும் அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

மொத்தமாக ஊர் திரும்பி இப்போது எட்டு மாதம் ஆகிறது. லீவுகளையெல்லாம் கூட்டினாலும் இருவரும் சேர்ந்து வாழ்ந்தது மூன்று வருஷம் தேறாது. அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருக்கவேண்டும். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகும் அந்த வீட்டில் அவர் விருந்தாளிதான். சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சட்டை தேய்த்து வந்தது. பேச்சுதான் வரவில்லை. பிள்ளை, மருந்து, மழை என்று மூன்றாவது வாக்கியத்தில் முடிந்துவிடும். அவள் வாய் திறந்து பேசமாட்டாளா என்று ஏங்கினார். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் ஒருவேளை பேசுவாள் என்று தோன்றியது.

கேசட் துபாயிலேயே எப்போதோ தொலைந்துபோயிருந்தது. சென்னையில் இருக்கும் மகன் ஜீஷானிடம் சொன்னார். அவன் யூடியூபில் படத்தைத் தேடிப் பிடித்து, டிவியில் எப்படிப் போடுவதென்று போனிலேயே சொல்லிக்கொடுத்தான்.

"வேண்டாம் மச்சான். கேட்டதே போதும்" என்றாள் ஆசியா உம்மாள். அவர் விடவில்லை. மதியம் லுஹர் தொழுது, சாப்பிட்டு முடித்து இருவரும் உட்கார்ந்தார்கள்.

படம் சகிக்கவில்லை. இதற்கா அழுதோம் என்று அசன் மைதீனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கதாநாயகனின் ஒட்டுமுடி ஒரு பக்கமாக இறங்கிக் கிடந்தது. அழவேண்டிய இடத்தில் தும்மப் போகிறவன் மாதிரி முகத்தை வைத்திருந்தான். இந்த ஆளுக்குப் பயந்தா திருட்டுத்தனம் பண்ணினோம் என்று சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடலாம் என்று திரும்பினார்.

ஆசியா உம்மாள் கண்ணை இறுக்க மூடியிருந்தாள். தூங்கவில்லை, உதடு அசைந்தது. கதாநாயகன் பேசப் பேச, ஒரு சொல் பிசகாமல் கூடவே பேசினாள். கேசட் போய் இருபத்தைந்து வருஷம் ஆகியும் ஒன்றும் மறக்கவில்லை. ரயிலடி வந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. டிவியை அணைத்தார்.

"எட்டு மாசமா ஒன் எதுக்கதான் இருக்கேன்" என்றார். "எங்கிட்ட ரெண்டு வார்த்த சேந்தாப்பில பேச ஒனக்கு வரல. இவன் பேச்சு மட்டும் ஒண்ணு விடாம நெஞ்சுல கெடக்கு. அப்படி என்னளா இருக்கு இவன்ட்ட?"

அவள் கோபப்படவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவன நான் இன்னைக்கித்தான் பாக்குதேன் மச்சான். கேசட்டுல மூஞ்சி ஏது? வெறும் பேச்சுத்தான கேக்கும். மொதமொத துபாய்க்குப் போவும்போது நீங்க சலாம் சொல்லிட்டு வாசல்ல நின்னீங்கல்லா, அந்த மூஞ்சிய வச்சித்தான் தெனமும் கேட்டேன். கேசட்டு காணாமப் போன பொறவும் மனசுக்குள்ள அப்படியேதான் ஓடிச்சு."

சற்று நிறுத்தி, பைய சொன்னாள்.

"இப்ப டிவில ஒங்க எடத்துல வேற ஆரோ வந்து நிக்கான். கண்ண மூடுனாத்தான் நீங்க வாறீங்க."