ஆறாம் நம்பர் சங்கு

"ஏழு சங்குல ஆறு ஒழுங்கா ஊதுது. இந்த ஆறாம் நம்பருக்கு மட்டும் என்ன மிஸ்டர் உன்ரூ, தனிக் கடிகாரமா?"

மாநிலத் தலைநகர் டொபீகாவுலேர்ந்து ஆடிட்டுக்கு வந்த ஜோலீன் வாசெக் மேடம் கேட்டாங்க.

சூறாவளி வந்தா எங்க கவுண்டி ஜனங்களை எச்சரிக்கிற வேலை வெர்லின் உன்ரூவோடது. மாசத்துல முதல் புதன்கிழமை, பகல் பன்னண்டு மணிக்கு, ஏழு அபாயச் சங்கையும் ஊதிப் பாத்து நோட்டுல எழுதணும். கம்பத்துல ஏறி கிரீஸ் போடுறது நான், ரூடி. ஆடிட்டுன்னதும் நானும் தலை சீவிட்டு வந்து உக்காந்திருந்தேன்.

"மார்ச்ல மத்தியானம் ரெண்டு பதினேழு. ஏப்ரல்ல காலைல எட்டு அம்பது. மே மாசம் சனிக்கிழமை. நிஜமா ஊதினீங்களா, இல்ல வீட்ல உக்காந்து எழுதினதா?"

"ஊதினேன் மேடம்."

"ஏன் கண்ட நேரத்துல?"

மேடம் நோட்டைப் புரட்டினாங்க.

"ஏற்கெனவே ரெண்டு குறை எழுதியாச்சு. ஜெனரேட்டர்ல டீசல் இல்ல. பள்ளிக்கூடத்து ஷெல்டர் சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியல."

"என்கிட்டதான் இருக்கு"ன்னேன்.

"நேத்து ஏன் சொல்லல?"

"நேத்து தேடிட்டிருந்தேன்."

மேடம் சிரிக்கல.

"மூணாவது குறை எழுதினா கவுண்டி கமிஷனருங்க உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, தெரியும்ல?"

"தெரியும் மேடம். நேரம் தப்பிருச்சு. அவ்ளோதான்."

எனக்கு வாய் நமநமன்னுது. "மேடம், நான் சொல்றேன்."

"ரூடி, வாயை மூடு."

"மூடித்தான் மூணு வருஷம் ஆச்சேப்பா."

கொட்டிட்டேன். வடக்கால, ஊர்லேர்ந்து நாலு மைல்ல, ஆறாம் நம்பர் கம்பம். அதுக்கு நேர் கீழ எல்டன் ப்ரீசன் வீடு. அஞ்சு வருஷம் முன்னால அடிச்ச சூறாவளில அவரு பொண்டாட்டி லெனோரா போயிட்டாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் அந்தக் கம்பமே நட்டாங்க. முதல் தடவை ஊதினப்போ மனுஷன் நிலவறைக்குள்ள ஓடி இறங்கி, ரெண்டு மணி நேரம் குலுங்கிக் குலுங்கி அழுதாரு. நானே பாத்தேன். இன்னமும் ராத்திரி பூட்ஸோடதான் படுக்குறாராம், அவரு பொண்ணு சொல்லுச்சு.

"இனிமே அந்த ஆளு காதுல இந்தச் சத்தம் விழக் கூடாதுன்னு வெர்லின் முடிவு பண்ணிட்டான் மேடம். எல்டனோட பிக்கப் வண்டி ஊருக்குள்ள தீவனக் கடை வாசல்ல நின்னா நான் போன் போடுவேன். இவன் பறந்து போய் ஊதிட்டு வந்துடுவான். பக்கத்து ரெண்டு வீட்லயும் சொல்லி வெச்சாச்சு. மாடுங்க எப்படியும் சொல்லப் போறதில்ல."

மேடம் பேனாவை கீழ வெச்சாங்க. சரி, வெர்லின் வேலை தப்பிச்சுதுன்னு நான் நெனச்சேன்.

அவங்க பையிலேர்ந்து ஒரு கடுதாசியை எடுத்தாங்க.

"வழக்கமா இந்தப் பக்கம் ஆடிட்டு அடுத்த வருஷம்தான். இந்தப் புகார் வந்ததாலதான் இப்பவே வந்தேன். படிக்கிறேன், கேளுங்க. 'லெனோரா போனப்போ வடக்கால சங்கே கிடையாது. அதனால என் வேலியோரமா கம்பம் நட நானே இடம் கொடுத்தேன். முதல் தடவை ஊதினப்போ எவ்ளோ நேரத்துல நிலவறைக்கு இறங்குறேன்னு எண்ணிப் பாத்தேன். நாப்பது செகண்ட். அவளுக்கு அந்த நாப்பது செகண்ட் கிடைச்சிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா. உக்காந்து அழுதேன். அதோட சரி, மூணு வருஷமா அது ஊதவே இல்ல. மத்ததெல்லாம் தூரத்துல கேக்குது, என் தலைமேல இருக்கிறது மட்டும் ஊமை. கேட்டா, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு வெர்லின் தோளைத் தட்டிட்டுப் போறான்.'"

கீழ கையெழுத்து, எல்டன் ப்ரீசன்.

வெர்லின் நோட்டை மூடி வெச்சான்.

மேடம் கடிகாரத்தைப் பாத்தாங்க. "இன்னைக்கு முதல் புதன்கிழமை. மணி பதினொண்ணு இருபது. கிளம்புங்க."

நாங்க போனப்போ எல்டன் வாசப்படியில நின்னுட்டிருந்தாரு. வெர்லின் அவரு முகத்தைப் பாக்கல. நேரா கம்பத்தடிக்குப் போய் பெட்டியைத் திறந்து, பன்னண்டு அடிக்கவும் பொத்தானை அமுக்கினான்.

மாடெல்லாம் தெறிச்சு ஓடுச்சு. நான் காதைப் பொத்திக்கிட்டேன். எல்டன் தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டு, மூணு நிமிஷமும் கம்பத்தையே பாத்துட்டு நின்னாரு. அழல.

சத்தம் அடங்கினதும் வெர்லின் வந்தான். "நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னுதான் எல்டன்..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

வெர்லின் இல்லன்னு தலையாட்டினான்.

"மிஸ்டர் ப்ரீசன், புகார் நிக்குதா? வாபஸ் வாங்குறீங்களா? நீங்க சொல்றதை வெச்சுத்தான் நான் எழுதணும்"னாங்க மேடம்.

எல்டன் வெர்லினைப் பாத்தாரு. "அடுத்த மாசமும் பன்னண்டுக்கு ஊதுவியா?"

"ஊதுறேன்."

"அப்ப வாபஸ் வாங்கிக்கிறேன் மேடம்."

சொல்லிட்டு வாசப்படியில உக்காந்தாரு. மெதுவா குனிஞ்சு பூட்ஸ் கயித்தை அவுக்க ஆரம்பிச்சாரு.

"இது கத்தாதுன்னுதானே வெர்லின், மூணு வருஷமா எந்நேரமும் ஓடத் தயாரா பூட்ஸோட படுத்தேன். இன்னைக்குத்தான் கழட்டிட்டுத் தூங்கப் போறேன்."