பெல்டன் ஆனவர்

அமெரிக்காவில் நாங்கள் குடியேறிய ஊரில், பெல்டன் என்ற குடும்பப்பெயர் இருந்தால்தான் ஓட்டு விழும். நீதிபதி, ஷெரிஃப், மேயர் எல்லோரும் பெல்டன்தான், ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. என் கணவர் செழியனும் பெயருக்குப் பின்னாலிருந்த அப்பா பெயரை எடுத்துவிட்டு பெல்டன் ஆனார், நகரசபைத் தேர்தலில் ஜெயித்தார். நேற்றுதான் பதவியேற்றார்.

இன்று காலை ஒரு வெள்ளைக்காரக் கிழவி வாசலுக்கு வந்தாள். அறுபது வருஷத்துக்கு முன் ஒரு பெல்டன் அவளுடைய அம்மாவுக்குப் பாலம் கட்டித் தருவதாகச் சொன்னாராம்.

"நினைவிருக்கிறது," என்றார் செழியன். "அன்றைக்கு மழை. நீங்கள் சிவப்புக் குடைக்குள் அழுதுகொண்டு நின்றீர்கள்."

கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். செழியனுக்கு வயது முப்பத்தெட்டு. தேனியில் பிறந்தவர்.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"ஏங்க, நம்ம கல்யாணத்தன்னிக்கும் மழைதானே? மண்டபத்துல கரண்ட் போனப்ப யாரு டார்ச் அடிச்சாங்க, சொல்லுங்க?"

தேர்தல் போஸ்டரில் இருந்த அதே சிரிப்பு. என் கையை இரு கைகளாலும் பற்றிக் குலுக்கினார்.

"அவசியம் கவனிக்கிறேன், மேடம்," என்றார் ஆங்கிலத்தில். "உங்கள் பெயர்?"