அழாத பிள்ளை

மூன்றாவது வரியில் மகளின் குரல் நின்றுவிட்டது.

மூன்று மாதம் முன்பு, இதே நாற்காலியில், இதேபோல் இடது கண்ணை மூடிக்கொண்டு, நான்காவது வரிவரை படித்தவள்.

"அவசரம் இல்ல பாப்பா. தெரியறத மட்டும் சொல்லு," என்றார் பரிசோதனை செய்யும் பெண்.

மகள் என் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன். என்மேல் தப்பில்லை என்று சொல்ல எனக்கிருந்தது அது ஒன்றுதான்.

வலது கண்ணில் பார்வை மந்தம், தினமும் இரண்டு மணி நேரம் கண்ணை மறைக்கும் பேட்ச் ஒட்டுங்கள், இந்த வயதில் விட்டால் பிறகு கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள்கூட விடவில்லை. எண்பத்து மூன்று வரிகள். தேதி, ஒட்டிய நேரம், எடுத்த நேரம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு: அழுதாளா?

"தினமும் ஆறுலேர்ந்து எட்டா?"

"என் டைப்பிங் கிளாஸ் நேரம் மேடம். பக்கத்துலயே உக்கார வச்சுக்குவேன். அது பாட்டுக்குப் படம் வரையும்."

உள்ளே வருவதற்கு முன் வெளியே காத்திருந்தபோது, பேட்சைப் பிய்த்துப் பிய்த்துப் போடும் பையனின் அம்மா ஒருத்தி சொன்னாள்: "உங்க பொண்ண ஒரு வாரம் எங்க வீட்டுக்கு அனுப்புங்க. இவனுக்கு டியூஷன் எடுக்கட்டும்." எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பரிசோதனை செய்யும் பெண் நோட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். அங்கே டைப்பிங் சாரை மகள் வரைந்திருந்தாள். சட்டையில் ஆறு பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானிலும் நான்கு ஓட்டை.

"இத பேட்ச் போட்டுக்கிட்டா வரைஞ்சா?"

"ஆமா."

அவர் மேசையிலிருந்து ஒரு பேட்சை எடுத்துத் தந்தார். "கிளாஸ்ல எப்படி ஒட்டுவீங்களோ, அப்படியே ஒட்டுங்க."

பின்தாளை உரித்தேன். மகள் பழக்கமாகக் கண்ணை மூடி முகத்தைத் தூக்கினாள். ஓரம் சுருங்காமல் ஒட்டி, விரலால் அழுத்தினேன்.

அவர் நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். நோட்டின் முதல் வரியில் விரலை வைத்தார். அழுதாளா? ஆம்.

"அன்னிக்கும் இந்தக் கண்ணா?"

எல்லாவற்றுக்கும் கட்டம் போட்ட நான், எந்தக் கண் என்பதற்கு ஒரு கட்டம் போடவில்லை.

"இல்ல. அன்னிக்கு மட்டும் இடது."

அன்று அவள் வகுப்பில் பெஞ்சிலிருந்து இறங்கும்போது தடுக்கி விழுந்தாள். நாற்பது நிமிடம் அழுதாள். நாளையும் இப்படியென்றால் பாப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்றார் சார். வீட்டில் யாரிடம் விடுவது?

மறுநாள் பஸ்ஸில் யோசித்தேன். அடிபட்ட காலுக்குத்தானே கட்டுப் போடுகிறோம்? நோகிற கண்ணுக்குத்தானே ஓய்வு வேண்டும்? உண்மையிலேயே அப்படி நம்பினேனா, அப்படி நம்புவது வசதியாக இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வலது கண்ணில் ஒட்டினேன். அவள் அழவில்லை.

"நல்ல கண்ண மூடினாதான் மந்தக் கண்ணு வேலை செய்யும்," என்றார் அவர் மெதுவாக. "ஆறு வயசுதான் ஆகுது. இப்பவே ஆரம்பிங்க."

பேட்சை அவரே நோகாமல் எடுத்து, புதிதாக ஒன்றை இடது கண்ணில் ஒட்டினார்.

மகளின் கை காற்றில் நீண்டு, என் முழங்கையைத் தேடிப் பிடித்தது.

"அம்மா, ஆன்ட்டி மாத்தி ஒட்டிட்டாங்கம்மா."

நான் நோட்டை வாங்கி அடுத்த வரியை எழுதினேன். ஒட்டிய நேரம்: 5.10. எடுக்க வேண்டிய நேரம்: 7.10. வகுப்பு ஆறு மணிக்கு.

மகள் அழ ஆரம்பித்திருந்தாள். கடைசிக் கட்டத்தில் ஆம் என்று எழுதினேன்.

அதற்கு மேலே எண்பத்திரண்டு இல்லைகள். அவற்றுக்கும் மேலே, முதல் வரியில், இன்னொரு ஆம்.