நீலக் குடை

தியேட்டரிலிருந்து கடைசி ஆளாக வெளியே வந்த பெரியவரிடம் யூடியூப் விமர்சகர் மைக்கை நீட்டினார்.

"ரீமேக் எப்படி சார்?"

"ரீமேக்காம் ரீமேக்! பழைய படத்தோட கால் தூசிக்கு ஆகாது. அதுல கதாநாயகி நீலக் குடையோட ஓடி வருவா. பின்னாடி வானம் செக்கச்செவேல்னு இருக்கும். இதுல ஒண்ணையும் காணோம்."

விமர்சகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன சார், காதுல பூ சுத்துறீங்களா? அந்தப் படமே கறுப்பு வெள்ளை!"

பெரியவர் பையிலிருந்த வெள்ளைப் பிரம்பை எடுத்து, மடிப்பை விரித்தார்.

"அப்படியா தம்பி? அன்னிக்கு என் வீட்டுக்காரி பக்கத்துல உக்காந்து, காதுல ஒவ்வொண்ணா சொல்லிட்டே வந்தா. இன்னிக்குச் சொல்ல அவ இல்ல."

பிரம்பால் படியைத் தட்டிப் பார்த்து இறங்கினார்.

"அவ சொன்னப்போ கலராத்தான் இருந்துச்சு."