மேடைக்கும் உடைக்கும் இருபத்தைந்து

கடைசி நாடகம் தொடங்கும்போது சர்தார் பாய் தன் பென்சிலை இன்னொரு முறை சீவிக்கொண்டார்.

1986 பொங்கல் நாடகப் போட்டிக்கு மூன்று நடுவர்கள். கதைக்கு ஒருவர், நடிப்புக்கு ஒருவர். மேடை அமைப்புக்கும் உடைக்கும் ஒதுக்கிய இருபத்தைந்து மதிப்பெண்ணுக்கு, செஞ்சிக் கடைத்தெருவில் முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கும் சர்தார் பாய். சுற்றுவட்டாரத்தில் எந்த ராஜா மேடையேறினாலும் அவர் தைத்த அங்கியில்தான் ஏறுவார். மேளம் கொட்டத் தொடங்கிய பிறகுதான் அந்த அங்கி வந்து சேரும்.

போட்டி நடக்கும் பள்ளிக்கூடத்தின் வாசலிலேயே தைலம்மாள் மறித்து, தன் ஜாக்கெட் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாள். நாளைக்கு வா என்றார். அவள் சிரித்துவிட்டுப் போனாள். பாயின் 'நாளைக்கு' ஊருக்கே பழகிப்போன ஒன்று.

ஆனால் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்க மட்டும் மனிதர் ஒரு நிமிடம் தாமதிக்க மாட்டார்.

முதல் நாடகத்தின் பின்திரையில் ராஜகிரியைக் கூம்பு மாதிரி வரைந்திருந்தார்கள். நிஜ மலை ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது, தலையைத் திருப்பிப் பார்த்து வரைய வலிக்கிறதா? நான்கு மதிப்பெண் போயிற்று. இரண்டாவதில் தாலியறுத்து வந்தவளின் புடவையில் ஜரிகைக் கரை. மூன்று.

கடைசி நாடகம் அனந்தபுரத்துக்காரர்களுடையது. ஒரே மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த தகப்பனின் கதை. தகப்பனாக நடித்தவன் கலியபெருமாள், நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன்.

மேடையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு தகரப் பெட்டி. சுவரில் பிள்ளையின் உயரத்தைக் கரிக்கோடு போட்டுக் குறித்திருந்தார்கள். மூன்று கோடு. அதற்கு மேல் சுவர் வெறுமையாக இருந்தது. பாய்க்கு அந்த வெறும் சுவர் மிகவும் பிடித்திருந்தது. அதற்குத் தாராளமாகப் போட்டார்.

கடைசிக் காட்சியில் தகப்பன் பெட்டியைத் திறந்தான். மகனின் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

வசனம் எதுவும் இல்லை. முகத்தை எடுக்காமல் அப்படியே நின்றான்.

கூடம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. நடிப்புக்கு நடுவரான தலைமையாசிரியர் சுந்தரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சர்தார் பாய் சட்டையின் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலர் விறைப்பாக நின்றது. நான்காக மடித்த மடிப்பு கலையவே இல்லை. பள்ளிக்கூடம் போன பிள்ளையின் சட்டையில் மைக்கறை வேண்டாமா? கழுத்தில் அழுக்கு வேண்டாமா? பிள்ளையின் வாசனையே ஏறாத துணியில் எந்தத் தகப்பனாவது முகத்தை வைப்பானா? எங்கேயோ புதுச் சட்டை ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள். சோம்பேறிகள்.

தாளில் எழுதினார்: 'சட்டை புதிது. பிள்ளை ஒரு தடவைகூடப் போட்டதாகத் தெரியவில்லை. பொய்.'

ஐந்து மதிப்பெண் கழித்தார். சுந்தரமூர்த்தி எட்டிப் பார்த்து, கொஞ்சம் இறங்கி வரச் சொன்னார். துணி விஷயத்தில் எனக்கு யாரும் சொல்ல வேண்டாம் என்று பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அனந்தபுரம் மூன்று மதிப்பெண்ணில் கேடயத்தைக் கோட்டைவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு, மேடைக்குப் பின்னால் கலியபெருமாள் தனியாகச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான். பாய்க்கு மனசு கேட்கவில்லை. நல்ல நடிகன், அடுத்த வருடமாவது ஜெயிக்கட்டும் என்று கிட்டே போய் அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கினார். நாலு தண்ணீரில் அலசி, காலரில் கொஞ்சம் மண்ணைத் தேய்த்துவிட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டே காலரைப் புரட்டினார்.

உள்ளே லேபிள் இருந்தது. சிவப்பு எழுத்தில், சர்தார் டெய்லர், செஞ்சி.

பாய் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"பையன ஒண்ணாவது சேக்கறதுக்குத் தைக்கக் குடுத்தது பாய். அஞ்சாறு வருசம் ஆவுது. அவனையும் இட்டுக்கினு நாலு வாட்டி வந்தேன், நாளைக்கு வா, நாளைக்கு வான்னீங்க. அஞ்சாவது வாட்டி நான் மட்டும் வந்து வாங்கினு போனேன்."

கலியபெருமாளின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பாய் எப்படியாவது தாங்கியிருப்பார்.

நாலாவது வாட்டிக்கும் அஞ்சாவது வாட்டிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. அதைத்தான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போட்டிருந்தார்.

சட்டையின் கீழ் ஓரத்தைத் திருப்பினார். வளர்கிற பிள்ளை என்று, இரண்டு விரல் அகலத்துக்குத் துணியைக் கூடுதலாக விட்டு மடித்து அடித்திருந்தார். தன் கை வேலை அவருக்குத் தெரிந்தது. பிள்ளைதான் தெரியவில்லை. ஜூன் மாதம் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. குனிந்த தலை நிமிராமல்தானே நாளைக்கு என்று சொல்வார். நாலு முறை வாசலில் வந்து நின்ற முகம், எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

கலியபெருமாள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு தயங்கினான். இத்தனை வருடமாக அதைக் கேட்க அவனுக்கு வேறு ஆள் இல்லை.

"அளவு சரியா இருந்திருக்குமா பாய்?"

சர்தார் பாய் சட்டையை இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்துக்கொண்டார்.

"கச்சிதமா இருந்திருக்கும்பா," என்றார்.