சுவருக்கு அந்தப் பக்கத்துப் பூ

பீளமேட்டில் அந்தி வெயில் மாடிகளை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. வசந்தாமணியின் சுரைக்கொடியில் ஒரேயொரு பெண் பூ விரிந்திருக்கிறது. அதன் அடியில் சுண்டுவிரல் அளவுக்குப் பிஞ்சு. இந்த மாடிக்குத் தேனீ வருவதில்லை. கையால் மகரந்தம் தொட்டுவைக்காவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். இதுவரை வந்தவை எல்லாம் அப்படித்தான் போயின. இன்றைக்கோ அவள் கொடியில் ஆண் பூ ஒன்றுகூட இல்லை. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், நாச்சிமுத்துவின் பந்தலில், வெள்ளை வெளேரென்று ஏழெட்டு நிற்கின்றன. அவர் முதுகைக் காட்டியபடி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று காலையில்தான் வசந்தாமணி செடிகளுக்கு, மீனை ஊறவைத்துச் செய்த உரமான மீன் அமிலம் தெளித்திருந்தாள். அந்த வாடைக்குப் பிறகு அவர் அவளிடம் பேசுவதில்லை.

"ஏனுங்க, ஒரு ஆண் பூ குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க. விடிஞ்சா இது வாடிப்போகும்."

அவர் குழாயை மூடுகிறார்.

"மூக்கைப் பொத்திட்டே பஜ்ஜி தின்னாங்க அம்மணி, அவங்க."

"தப்புத்தானுங்க."

"ஞாயித்துக்கெழமை வேற எடத்துல இருந்து வர்றாங்க."

"அன்னைக்குத் தண்ணிகூட ஊத்தமாட்டேனுங்க."

அவர் ஒரு பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டுச் சுவருக்கு மேல் நீட்டுகிறார். அவள் அதை வாங்கிப் பெண் பூவின் நடுவில் ஒற்றுகிறாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்க்கிறார்.

"மெதுவா, அம்மணி. சுத்தியும் தடவுங்க."